கத்தி பட்ட ஓரம்

கேசட் நாடா அகலமே உள்ள ஒரு பீங்கான் நாடாவை நம்பி, ஃப்ளோரிடாவின் தலைநகரில் உலகின் வலிமையான காந்தங்கள் சுற்றப்படுகின்றன

ஃப்ளோரிடா என்றதும் நினைவுக்கு வருபவை கடற்கரை, டிஸ்னி உலகம், ராக்கெட் தளம். இந்த மூன்றும் இல்லாத ஊர் தலஹாசி. மாநிலத்தின் தலைநகரே இதுதான் என்பது பலருக்கு மறந்துபோகும். மயாமியிலிருந்து காரில் வந்தால் ஏழு மணி நேரம். பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவின் எல்லையோ அரை மணி நேரத் தூரம்தான். செம்மண் மேடுகள், இருபுறமும் ஓக் மரங்கள் கிளை கோத்துப் பந்தல் போட்ட சாலைகள், கிளைகளிலிருந்து நரைத்த சடையாகத் தொங்கும் ஸ்பானிஷ் பாசி (பெயரில்தான் பாசி, உண்மையில் அது அன்னாசிக் குடும்பத்துச் செடி). மேற்கே இருக்கும் பென்சகோலாவுக்கும் கிழக்கே இருக்கும் செயின்ட் அகஸ்டினுக்கும் ஏறக்குறைய நடுவில் அமைந்த ஒரே தகுதியால் 1824-ல் தலைநகரான ஊர் இது. சட்டமன்றம் கூடும் நாட்களில் அரசியல்வாதிகள், மற்ற நாட்களில் மாணவர்கள் என்று அமைதியாகப் பிழைப்பை நடத்திக்கொண்டிருக்கிறது.

ஊரின் தென்மேற்கு மூலையில் இன்னொவேஷன் பார்க் என்ற வளாகம். அங்குள்ள சாலைக்கு பால் டிராக்கின் பெயர். க்வாண்டம் இயற்பியலை உருவாக்கியவர்களில் ஒருவரான அந்த ஆங்கிலேயர், கேம்பிரிட்ஜை விட்டு வந்து கடைசி ஆண்டுகளை இங்குள்ள ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கழித்தார். 1984-ல் இறந்தார். அடக்கம் செய்யப்பட்டதும் இந்த ஊரில்தான். காந்தத்துக்கு ஒற்றைத் துருவம் மட்டும்கூட இருக்கலாம் என்று 1931-ல் எழுதியவர் அவர். அப்படி ஒரு காந்தம் இன்றுவரை அகப்படவில்லை. ஆனால் அவர் பெயர் கொண்ட சாலையில்தான் அமெரிக்காவின் தேசிய உயர் காந்தப்புல ஆராய்ச்சிக்கூடம் நிற்கிறது. ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'மேக்லேப்' என்கிறார்கள்.

இந்தக் கூடம் இங்கே வந்த கதையே ஒரு சின்ன அரசியல் நாடகம். சுமார் முப்பது ஆண்டுகளாக அமெரிக்காவின் தேசியக் காந்த ஆராய்ச்சிக்கூடம் மாசசூசெட்ஸில், எம்.ஐ.டி.யில் இருந்தது. புதிய, பெரிய கூடம் அமைக்க வேண்டும் என்றபோது அதுவும் தங்களுக்கே என்று எம்.ஐ.டி. நம்பியதில் வியப்பில்லை. ஆனால் 1990 ஆகஸ்டில் தேசிய அறிவியல் அறக்கட்டளை அதை ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம், கெயின்ஸ்வில்லில் உள்ள ஃப்ளோரிடா பல்கலைக்கழகம், நியூ மெக்சிகோவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்துக் கொடுத்தது. மாநில அரசு தன் பங்காகப் பெருந்தொகை தர முன்வந்தது முக்கியக் காரணம். முடிவை மறுபரிசீலனை செய்யும்படி எம்.ஐ.டி. கேட்டுப் பார்த்தது, பலிக்கவில்லை. பழம்பெரும் காந்த நிபுணர்கள் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, கால்பந்துக்குப் பேர்போன ஒரு தென்மாநிலப் பல்கலைக்கழகத்துக்கா என்ற கேள்வி எழுந்தது. நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ஷ்ரீஃபர் 1992-ல் தலைமை விஞ்ஞானியாக வந்து சேர்ந்தார். 1994 அக்டோபர் 1 அன்று துணை ஜனாதிபதி அல் கோர் வந்து கூடத்தை அர்ப்பணித்தார். அதன் பிறகு கேள்வி அடங்கிப்போயிற்று.

உள்ளே நுழைந்தால் காந்தம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் குழாய்கள்தான் தெரியும். ஆள் நுழையும் அளவுக்குப் பருத்த தண்ணீர்க் குழாய்கள். காந்தக் கூடமா, குடிநீர் வாரியமா என்று சந்தேகம் வரும்.

காரணம் எளிது. காந்த வலிமையை டெஸ்லா என்ற அலகால் அளக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் எந்திரம் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. அதைப்போலப் பத்து மடங்கு, இருபது மடங்கு வேண்டுமென்றால் செம்புச் சுருளில் பயங்கரமான மின்சாரத்தைச் செலுத்த வேண்டும். செம்பு காயும். காய்ந்தால் உருகும். எனவே கம்பிக்குப் பதிலாகத் துளையிட்ட செம்புக் கலவைத் தகடுகளை அடுக்கி, துளைகள் வழியாகக் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறார்கள். 1930களில் இந்த உத்தியைக் கண்டுபிடித்த ஃபிரான்சிஸ் பிட்டர் எம்.ஐ.டி.க்காரர் என்பது வேறு விஷயம். தலஹாசியின் பிரம்மாண்டக் கலப்புக் காந்தம் 45 டெஸ்லா தருகிறது. வெளிச்சுற்று மீகடத்தியால் ஆனது, அதன் பங்கு 11.5 டெஸ்லா. உள்ளே இருக்கும் செம்புப் பகுதியின் பங்கு 33.5. அந்தச் செம்புப் பகுதி மட்டும் சுமார் 30 மெகாவாட் குடிக்கும். மொத்தத்தில் 56 மெகாவாட்வரை இழுக்கக்கூடிய ஏற்பாடு இங்கே இருக்கிறது. ஊருக்கு மின்சாரம் விற்பது நகராட்சியே. அதன் வாடிக்கையாளர்களில் இப்படி ஒருவர் இருப்பதை வரம் என்பதா, வயிற்றுவலி என்பதா?

இங்கே சோதனை நடத்த வரும் விஞ்ஞானிகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. நிபுணர்களின் பரிசீலனையில் விண்ணப்பம் தேறினால் போதும். முடிவுகளை வெளியிட வேண்டும் என்பதே நிபந்தனை. ஓர் அணு கனமுள்ள கரித்தாளான கிராஃபீனின் விசித்திரமான க்வாண்டம் குணம் சாதாரண அறை வெப்பத்திலேயே தெரிகிறது என்று 2007-ல் உலகுக்குக் காட்டிய சோதனைக்கு உதவியது அந்த 45 டெஸ்லா காந்தம்தான். ஆனால் மின் கட்டணத்தையும் காந்த நேரத்தையும் கணக்குப் பார்த்துப் பங்கு போட வேண்டியிருக்கிறது. ஒரு வாரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இந்தப் பசியில்லாத காந்தம் ஒன்று வேண்டும் என்பது இங்குள்ளவர்களின் நெடுநாள் கனவு. அந்தக் கனவுக்கு வழி ஒரு நாடா.

பார்வைக்கு அற்பமான பொருள். அகலம் 4 மில்லிமீட்டர், அதாவது ஒரு காலத்தில் வீடுதோறும் பாடிக்கொண்டிருந்த ஆடியோ கேசட்டின் நாடா அளவு. கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோ. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் செம்பு, மறுபக்கத்திலும் செம்பு. நடுவில் இருப்பது நிக்கல் கலப்பு உலோகத் தகடு, அதன்மேல் மெல்லிய இடைப்படலங்கள், அவற்றின்மேல் ஒன்றிரண்டு மைக்ரான் கனத்தில் கறுப்பான பீங்கான் படலம், அதைக் காக்க வெள்ளிப் பூச்சு. வேலை செய்வது அந்தக் கறுப்புப் படலம் மட்டுமே. மற்றதெல்லாம் அதற்குப் பல்லக்குத் தூக்குபவை.

அந்தப் பீங்கான் இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் ஆகியவற்றின் கூட்டு. 1986-ல் ஜூரிக் அருகே பெட்நோர்ஸ், முல்லர் என்ற இருவர், பீங்கான் வகைப் பொருட்களும் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் என்று கண்டனர். மறு ஆண்டின் தொடக்கத்தில் ஹூஸ்டனில் பால் சூவும் அலபாமாவில் மா-குவென் வூவும் தங்கள் குழுக்களுடன் இந்தக் கூட்டைத் தயாரித்தனர். பெங்களூரில் சி.என்.ஆர். ராவின் குழுவும் அதே ஆண்டில் இதே வகைக் கூட்டைத் தயாரித்து அறிவித்தது. மைனஸ் 180 டிகிரி செல்சியஸிலேயே இதன் மின்தடை மறைந்துவிடும். 'உயர் வெப்பநிலை மீகடத்தி' என்று இதற்குப் பெயர். மைனஸ் 180 உயர் வெப்பநிலையா என்று சிரிக்கலாம். ஆனால் அதற்கு முன்பிருந்த மீகடத்திகளுக்கு மைனஸ் 250-க்கும் கீழே போக வேண்டியிருந்தது. விலை உயர்ந்த திரவ ஹீலியம் இல்லாமல், பாலைவிட மலிவு என்று அமெரிக்கர்கள் சொல்லும் திரவ நைட்ரஜனிலேயே இது வேலை செய்யும். 1987 மார்ச்சில் நியூயார்க்கில் கூடிய இயற்பியலாளர்கள் விடிய விடிய இதைப் பற்றிப் பேசினார்கள். மிதக்கும் ரயில், இழப்பில்லாத மின்கம்பி என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. இந்தப் பத்திரிகைத் தொழிலுக்கே உரிய உற்சாகம் அது.

பிறகு ஏன் இத்தனை தாமதம்? பீங்கானைக் கம்பியாக இழுக்க முடியாது என்பதால்தான். பூஜாடியைச் சுருளாகச் சுற்றுவது எப்படி? போதாக்குறைக்கு, அதன் படிகங்கள் எல்லாம் ஒரே திசையில் வரிசையாக நின்றால்தான் மின்சாரம் தாராளமாகப் பாயும். ஓரிரு டிகிரி கோணல்களை மன்னிக்கும். பத்து டிகிரி சாய்ந்தால் போயிற்று. கிலோமீட்டர் கணக்கான உலோக நாடாவின்மேல் கோடிக்கணக்கான படிகங்களை அணிவகுப்பில் நிற்கவைக்கக் கற்றுக்கொள்ள இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. நியூயார்க் மாநிலத்தின் ஷெனெக்டடியிலிருந்து 'சூப்பர்பவர்' நிறுவனம் தந்த நாடாவால் சுற்றிய ஒரு சிறு சுருள் 2007-ல் தலஹாசிக்கு வந்து, 19 டெஸ்லா காந்தத்துக்குள் நின்று, மொத்தம் 26.8 டெஸ்லாவைத் தொட்டது. அன்றுதான் நாடாவை இங்குள்ளவர்கள் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் எனலாம்.

நாடா கிடைத்துவிட்டால் சுற்றுவது சுலபம் என்று நினைப்பவர்கள் அதைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். நீளவாக்கில் இழுத்தால் எஃகைப்போலத் தாங்கும். முகப்பு வழியாக விரல் பருமனுள்ள உருளையில் சுற்றினாலும் பொறுக்கும். விளிம்புவாக்கில் வளைத்தால் தாங்காது. படலங்களைப் பிரிக்கும் திசையில் லேசாக இழுத்தாலே உரிந்துவிடும். இதனால் மின்மோட்டார் சுருள்களுக்குக் காலங்காலமாகச் செய்துவந்த காரியமே இங்கே பகையாயிற்று. சுருளை எபாக்சிப் பசையில் முக்கி இறுகவைப்பது வழக்கம். குளிர்விக்கும்போது பசை நாடாவைவிட அதிகமாகச் சுருங்கி, கறுப்புப் படலத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தது. சிலர் மெழுகுக்கு மாறினார்கள். சிலர் பசையே வேண்டாம் என்று உலர் சுருளாக விட்டார்கள்.

சுருளின் வடிவத்துக்கு ஆங்கிலத்தில் 'பான்கேக்' என்று பெயர். நம்மவர்கள் வைத்திருந்தால் கொசுவர்த்திச் சுருள் என்றிருப்பார்கள். இரண்டு சுருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக, உள்வட்டத்தில் ஒரே நாடாவால் இணைந்திருக்கும்படி சுற்றுகிறார்கள். அப்போது இரு முனைகளும் வெளிப்பக்கம் வந்துவிடும், அங்கே அடுத்த ஜோடியோடு ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். இழுவிசை சீராக இருக்க வேண்டும். நாடாவில் ஓர் இடத்தில் குறை இருந்தாலும், அது ஊசி முனை அளவே என்றாலும், பிறகு அதுவே காந்தத்துக்கு எமனாகலாம்.

எமன் வரும் விதம் இது. குறையுள்ள இடத்தில் சிறிது மின்தடை தோன்றுகிறது. உடனே அங்கே சூடு. சூடானால் மீகடத்தும் தன்மை போகிறது, மேலும் சூடு. பழைய மீகடத்திகளில் இந்தச் சூடு வினாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் சுருள் முழுவதும் பரவும். முழுச் சுருளும் சுமையைப் பகிர்ந்துகொள்வதால் காந்தம் அணையும், பிழைக்கும். புதிய நாடாவிலோ சூடு ஊர்ந்து செல்கிறது, வினாடிக்குச் சில மில்லிமீட்டரோ சென்டிமீட்டரோதான். கருவிகள் கண்டுபிடிப்பதற்குள் அந்த ஒரே இடம் எரிந்துவிடும். உறுதியான பொருள் என்பதே ஆபத்தாக முடிந்த விசித்திரம்!

இதற்கு விடை பிறந்தது எம்.ஐ.டி.யில். காந்தக் கூடத்தை இழந்த பிறகும் அங்கே சிறிய அளவில் வேலை நடந்துகொண்டிருந்தது. யுகிகாசு இவாசாவும் அவரோடு பணியாற்றிய கொரிய விஞ்ஞானி சியுங்யாங் ஹானும் 2011-ல் வெளியிட்ட யோசனை, எந்த மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரரும் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளக்கூடியது: சுற்றுகளுக்கு இடையே மின்காப்பே வேண்டாம். கோயமுத்தூரோ லூதியானாவோ, எனாமல் உரிந்த கம்பியில் மோட்டார் சுற்றினால் முதல் நாளே புகையும். ஆனால் மின்தடையே இல்லாத பாதை ஒன்று இருக்கும்போது மின்சாரம் பக்கத்துச் சுற்றுக்குத் தாவுவானேன்? நாடா வழியே ஒழுங்காகப் போகும். எங்காவது ஓரிடம் கெட்டுப்போனால்தான் வழி மாறி, பக்கத்துச் சுற்றின் செம்பு வழியாகத் தாண்டிப் போய்விடும். எரிய வேண்டிய இடம் தப்பித்துக்கொள்ளும். காப்பு இல்லாததே காப்பு. விலையும் உண்டு: இப்படிப்பட்ட காந்தம் மெதுவாகத்தான் முழு வலிமைக்கு வரும். திடீரென்று அணையும்போது சுருள்களுக்குள் கட்டுக்கடங்காத மின்னோட்டமும் விசையும் எழும்.

ஹான் பிறகு தலஹாசிக்கு வந்தார். அங்கே அவருடைய குழு செய்த சுருளுக்கு 'சின்னப் பெரிய சுருள்' என்று பொருள்படும் விளையாட்டுப் பெயர். விட்டம் 34 மில்லிமீட்டர், உயரம் 53. கேமராவுக்கு ஃபிலிம் போட்ட தலைமுறைக்குச் சொன்னால் புரியும், கிட்டத்தட்ட அந்த ஃபிலிம் டப்பா அளவு. எடை 390 கிராம். பன்னிரண்டு கொசுவர்த்திகள், நாடாவின் கனம் 43 மைக்ரான். மின்காப்பு கிடையாது. வீட்டுச் சுவருக்குள் ஓடும் ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பில் பத்துப் பதினைந்து ஆம்பியர் போனாலே அதிகம். இந்தச் சுருளில் சதுர மில்லிமீட்டருக்கு 1,260 ஆம்பியர் ஓடியது. 31.1 டெஸ்லா செம்புக் காந்தத்தின் வயிற்றுக்குள் இதை இறக்கினார்கள். தன் பங்குக்கு 14.4 டெஸ்லா தந்தது. மொத்தம் 45.5. பல டன் எடையுள்ள கலப்புக் காந்தத்தின் சாதனையைச் சட்டைப் பையில் அடங்கும் பொருள் அரை டெஸ்லா தாண்டிவிட்டது. 'நேச்சர்' இதழில் 2019-ல் இது வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனால் தலஹாசியில் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. உச்சத்தில் நின்ற சுருள் அணைந்து, சேதமடைந்திருந்தது. அதைத் தூக்கி எறியாமல், சுற்றைப் பிரித்து, நாடாவை அங்குலம் அங்குலமாக அளந்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். பிரேதப் பரிசோதனை என்றே சொல்லலாம். நாடாவின் ஓரங்கள் அலைபோல நெளிந்திருந்தன. வெளிக்காந்தத்தை எதிர்த்து அகலமான நாடாவுக்குள் தானாகவே எழும் மின்னோட்டங்கள் ஒரு விளிம்பை ஒரு பக்கமும் மறு விளிம்பை வேறு பக்கமும் இழுத்ததன் விளைவு.

எல்லா ஓரங்களும் ஒரே மாதிரி கெடவில்லை என்பதுதான் துப்பு. தொழிற்சாலையில் நாடா 4 மில்லிமீட்டராகப் பிறப்பதில்லை. 12 மில்லிமீட்டர் அகலத்தில் செய்து, மூன்றாகக் கிழிக்கிறார்கள். நடுத்துண்டுக்கு இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டது. பக்கத்துண்டுகளுக்கு ஓர் ஓரம் வெட்டுப்பட்டது, ஒன்று பிறந்தபடியே இருப்பது. வெட்டிய ஓரத்தில் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள். சேதம் அங்கிருந்துதான் உள்ளே ஓடியிருந்தது. அடுத்த சோதனைச் சுருளில் பக்கத்துண்டுகளை மட்டும் எடுத்து, கத்தி பட்ட ஓரம் காந்தத்தின் நடுப்பக்கம் பார்க்கும்படி, முழு ஓரம் வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பிச் சுற்றினார்கள். சேதம் பெருமளவு குறைந்தது. கோடிக்கணக்கான டாலர் இயற்பியலில், தையற்காரர் துணியின் ஓரம் பார்ப்பதைப் போன்ற ஒரு கவனம்.

இதே கட்டடத்தில் இன்னொரு காந்தம் அவசரமில்லாமல் வளர்ந்தது. விளம்பரம் குறைவு, ஆனால் விஞ்ஞானிகளுக்கு அன்றாடம் உதவுவது அதுதான். செம்பின் உதவியே இல்லாமல், முழுக்க முழுக்க மீகடத்தியால் ஆன 32 டெஸ்லா காந்தம். வெளிச்சுற்றில் பழைய வகை மீகடத்திக் கம்பிகள், 15 டெஸ்லா. உள்ளே நாடாவால் ஆன இரண்டு சுருள்கள், 17 டெஸ்லா. நாடாவின் மொத்த நீளம் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல். ஹூப் வெயர்ஸ் தலைமையில் நடந்த இந்த வேலையில் மின்காப்பு உண்டு. நாடாவோடு சேர்த்துச் சுற்றிய எஃகு நாடாவின்மேல் மெல்லிய காப்புப் பூச்சு. சூடு ஊர்ந்து செல்லும் ஆபத்துக்கு இவர்கள் கண்ட விடையும் வேறு. சுருள்களுக்கு இடையே ஹீட்டர்கள். எங்கோ ஓரிடத்தில் சிக்கல் என்றால் ஹீட்டர்கள் மொத்தச் சுருளையும் வேண்டுமென்றே சூடாக்கிவிடும். ஒரே இடம் எரிவதைவிட எல்லா இடமும் கொஞ்சம் சுடுவது மேல் என்ற கணக்கு. 2017 டிசம்பர் 8 அன்று 32 டெஸ்லாவைத் தொட்டது. விற்பனைக்குக் கிடைத்த மீகடத்திக் காந்தங்கள் அப்போது 23.5 டெஸ்லாவோடு நின்றுவிட்டிருந்தன.

ஒரு முரண் மிச்சம் இருக்கிறது. திரவ நைட்ரஜனிலேயே வேலை செய்யும் என்று கொண்டாடப்பட்ட நாடா, இந்தக் காந்தத்தில் திரவ ஹீலியத்தில்தான் மூழ்கியிருக்கிறது. வலிமையான காந்தப்புலத்தில் மைனஸ் 196 டிகிரியில் நாடா சுமக்கும் மின்சாரம் சொற்பம். மைனஸ் 269-ல் அபாரம். ஆக 1987-ன் மலிவான நைட்ரஜன் கனவு இங்கே நனவாகவில்லை. வேறொன்று நனவாயிற்று. 32 டெஸ்லாவைச் செம்பில் எடுத்தால் விழுங்கும் மெகாவாட்டுகள் இதற்குத் தேவையில்லை. நள்ளிரவிலும் வாரக்கணக்கிலும் காந்தத்தை நிறுத்தாமல் வைத்துச் சோதனை செய்யலாம். ஏன் இந்தப் பீங்கான் மீகடத்துகிறது என்பதற்கு மட்டும் இன்னும் முழு விடை இல்லை. பழைய மீகடத்திகளின் புதிரை 1957-ல் அவிழ்த்த மூவரில் ஒருவரான ஷ்ரீஃபர் இதே கூடத்தில் ஆண்டுக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினார்.

போட்டியும் வந்துவிட்டது. சீன விஞ்ஞானிகள் 2019-ல் இதே வகைக் காந்தத்தில் 32.35 டெஸ்லாவைத் தொட்டார்கள். கூடத்தைப் பறிகொடுத்த எம்.ஐ.டி.யும் சும்மா இருக்கவில்லை. அணு இணைவு மின்சாரத்துக்காக, காமன்வெல்த் ஃப்யூஷன் சிஸ்டம்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 267 கிலோமீட்டர் நாடாவை ஆள் உயரத்துக்கு மேற்பட்ட 'டி' எழுத்து வடிவில், சுற்றுகளுக்கிடையே மின்காப்பு வைக்காமல் சுற்றி, 2021 செப்டம்பர் 5 அன்று 20 டெஸ்லாவை எட்டியது. கடைசிச் சோதனையில் வேண்டுமென்றே மின்சாரத்தைத் துண்டித்து என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். ஒரு மூலை உருகிப்போயிற்று. மற்ற பகுதிகள் தப்பின. எங்கே உருகும் என்பதைக் கணினிக் கணக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தது.

தலஹாசியின் அடுத்த குறி 40 டெஸ்லா, முழுக்க மீகடத்தியில். அதை வடிவமைக்க 2021-ல் பணம் வந்தது. பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடத்தின் கதவுகளை ஊருக்கே திறந்துவிடுவது வழக்கம். நுழைவு இலவசம். ஆயிரக்கணக்கில் பெற்றோரும் பிள்ளைகளும் வருகிறார்கள். ஒரு மூலையில் உருளைக்கிழங்கு பீரங்கி, இன்னொரு மூலையில் காந்தத்தின் அடியால் கால் டாலர் நாணயத்தைச் சுருக்கிக் காட்டும் எந்திரம். பிள்ளைகள் கூட்டம் பீரங்கியின் பக்கம்தான். மற்ற நாட்களில் அதே கூடத்தில் சோதனைச் சுருள்கள் சுற்றப்பட்டு, உடையும்வரை ஓட்டப்பட்டு, மறுபடி பிரிக்கப்படுகின்றன. பிரித்த நாடா நுண்ணோக்கிக்குப் போகிறது. முதலில் பார்ப்பது ஓரத்தை.